எடை குறைக்க ஓடுகிறீர்களா? எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

80, 90 கிலோ எடையோடு ஓட ஆரம்பிப்பவர்களுக்கு வரும் தொந்தரவுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். முதல் வாரம் மூச்சு. மூன்றாவது வாரம் கால் முன்னெலும்பு. இரண்டாவது மாதம் குதிகால். நடுவில் தொடை உரசல். எல்லாம் அடங்கிய பிறகு, "இவ்வளவு ஓடியும் எடை இறங்கலையே." உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது பின்னால், டாக்டரிடம் போகவேண்டிய கட்டம் கடைசியில்.

"அடிப்படை அளவு" என்று கீழே வரும் இடமெல்லாம் இதைத்தான் குறிக்கும்: வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 5 நிமிடம் நடை. பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று 8 சுற்று. கடைசியில் 5 நிமிடம் நடை. மொத்தம் 34 நிமிடம். அரை மணி நேரம் நிற்காமல் நடப்பதே சிரமம் என்றால் ஒரு மாதம் நடை மட்டும் போதும், ஓட்டம் காத்திருக்கும். 40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள் ஷூ வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிரஷரும் சுகரும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஈசிஜி வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

## தலைப்பு தேடாமல் உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டி விழுதல், நின்ற பிறகும் அடங்காத படபடப்பு: 108. வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஓடும்போது வந்து நின்றதும் போகும் நெஞ்சு அழுத்தம்தான் ரொம்பப் பேர் ஏமாறும் இடம். போய்விட்டதே என்று விடாமல், அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிட வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அன்றே ஆஸ்பத்திரி. உடம்பு கொதித்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது வெப்பத்தாக்கு. 108-க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

## "ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட முடியல, மூச்சு வாங்குது"

### ஓடும்போது பேச வரவில்லை

வேகம் அதிகம். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு கதை முடிந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரைக்கும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தெருப் பெயரிலேயே மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் வேகமாக நடக்கிறவர் உங்களோடு வந்துவிடும் அளவுக்குக் குறைத்தாலும் தப்பில்லை. ஒரு கிலோமீட்டருக்கு 9, 10 நிமிடம் ஆவது இந்தக் கட்டத்தில் சரியான வேகம்.

வேகம் எங்கே கூடுகிறது என்றும் கவனியுங்கள். டீக்கடை வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, தெரிந்தவர் வீடு. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் கால் தானாக எட்டிப் போடும். அந்த இடங்களை நடக்கும் 2 நிமிடத்தில் தாண்டுகிற மாதிரி வழியை அமைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

### மெதுவாக ஓடியும் வாங்குகிறது

நேரத்தைப் பாருங்கள். நம் சென்னையில் வெயில் மட்டுமல்ல, புழுக்கமும் சேர்ந்து அடிக்கும். வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது, இதயம் அதற்கும் சேர்த்து அடிக்கும். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், 5 மணிக்கு இறங்கி ஐந்தரைக்கு முடித்துவிட வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் 1 நிமிடம் ஓட்டத்தை 30 விநாடி ஆக்கினாலும் தப்பில்லை. டிசம்பர், ஜனவரியில் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது காற்று. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை மாதிரி கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் ரோட்டில் ஓடினால் டீசல் புகையையும் தூசியையும் இழுத்து இழுத்து உள்ளே வாங்குகிறீர்கள். கடல் பக்கம்தானே என்று நினைப்பது சரியில்லை, லாரிக்கும் அலைக்கும் நடுவில் இருப்பது ஒரு வரிசைக் கருங்கல்தான். உள் தெரு, மாநகராட்சித் திடல், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா என்று இடத்தை மாற்றிப் பாருங்கள். மூன்று நாளில் வித்தியாசம் தெரிந்தால் காரணம் காற்றுதான். மணலிப் பக்கத்திலிருந்து கேஸ் வாடை அடிக்கும் நாளும், போகிப் புகை நாளும் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

### இருமல், நெஞ்சில் விசில் சத்தம்

ஓட ஆரம்பித்து 5, 10 நிமிடத்திலோ, நிறுத்தின பிறகோ இருமலும் இழுப்பும் வந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்குகிறதா? ஓடும்போது மட்டும் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். நெஞ்சு டாக்டரிடம் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். சரியான இன்ஹேலர் கொடுத்தால் தொடர்ந்து ஓடலாம். பக்கத்து வீட்டுக்காரர் இன்ஹேலரை வாங்கி இழுத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

### இரண்டு மாடி ஏறினாலே வாங்குகிறது

ரத்தம் குறைவாக இருக்கலாம், முக்கியமாக மாதவிலக்கு அதிகம் போகும் பெண்களுக்கு. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் என்றால் குறைவு. கையோடு தைராய்டும் பார்த்துவிடலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சாயங்காலம் இரண்டு காலும் வீங்குகிறது என்றால் ஓட்டத்தை விட்டுவிட்டு நேராக இதய டாக்டரிடம் போக வேண்டும்.

## "முட்டிக்குக் கீழ முன்னெலும்பு வலிக்குது"

எடையோடு ஓட ஆரம்பிப்பவர்களைப் பாதியில் நிறுத்துவதில் முதல் இடம் இதற்குத்தான். அதனால் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

படியில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில், முட்டிக்குக் கீழிருந்து கணுக்கால் வரை, இரண்டு விரல்கடைக்கு ஒரு தரம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்குங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். முடித்ததும் புள்ளிகளைப் பாருங்கள்.

### புள்ளிகள் நீளமாக, நாலைந்து விரல்கடைக்கு மேல்

எலும்பை ஒட்டின சதையும் சவ்வும் இழுபட்ட வலி. ஓட்டத்தின் ஆரம்பத்தில் வலித்து, சூடேறினதும் குறைந்து, மறுநாள் காலை திரும்ப வரும்.

முதல் காரணம் அளவு. மூச்சு ஒரு மாதத்தில் பழகிவிடுகிறது, எலும்பும் தசைநாரும் பழக மூன்று, நாலு மாதம் ஆகும். மூன்றாவது வாரம் "இப்ப ஈஸியா இருக்கே" என்று 1 நிமிடத்தை 3 ஆக்கி, மூன்று நாளை ஐந்து நாள் ஆக்குவார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 90 கிலோ என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: 7 முதல் 10 நாள் ஓட்டம் இல்லை, வலிக்காத அளவு நடை உண்டு. ஓட்டத்துக்குத் திரும்பும்போது 30 விநாடி ஓட்டம், இரண்டரை நிமிடம் நடை. வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். ஓடும் விநாடிகளைக் கூட்டினால் சுற்றுகளைக் கூட்டாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். முட்டி நேராக 12 தரம், கொஞ்சம் மடக்கி 12 தரம், அப்படி 3 சுற்று. ஐஸ் வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் வலியின் காரணத்தை அது தொடாது.

இரண்டாவது தரை. நம் மெயின் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக ஓரம் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் விழும். ஒரு காலில் மட்டும் வலி என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். உள்தெருவின் சிமென்ட் ரோடு கடினம்தான், ஆனால் மட்டமாக இருக்கும், அதுவே மேல். சின்னப் பூங்காவில் ஒரே திசையில் சுற்றுவதும் இதே வேலையைச் செய்யும், பாதியில் திசையை மாற்றுங்கள். எதிரே வரும் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், ஒதுங்கி வழிவிட்டால் போதும். மெரினாவுக்குப் போகிறவர்கள் பொதபொத மணலில் ஓடுவதை இந்த வலி இருக்கும்வரை தள்ளிப் போடுங்கள், நடைபாதை போதும்.

மூன்றாவது ஷூ. பள்ளிக்கூட வெள்ளை கேன்வாஸ் நடைக்குப் போதும், 90 கிலோ ஓட்டத்துக்குப் போதாது. ஃபர்ஸ்ட் காப்பி ஷூ அதைவிட மோசம். மேலே பார்க்க அசல் மாதிரியே இருக்கும், அடிப்பாகம் கட்டையாக இருக்கும். சோதனை இதுதான்: ஷூவை மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கழிக்க வேண்டியதுதான். முனையையும் குதியையும் பிடித்து மடக்குங்கள், விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் ஓட்டத்துக்கான நல்ல ஷூ கிடைக்கும், பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடைகளில் போட்டு நடந்து பார்த்தே வாங்கலாம். சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டு, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும், எடை அதிகமானவர்கள் 500-க்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

### புள்ளி ஒன்றே ஒன்று, காசு அகலம்

விரல் பட்டாலே துள்ளுகிறது, நடந்தாலும் வலிக்கிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்காதீர்கள். ஓட்டம் அன்றோடு நிற்க வேண்டும். ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடக் கூடாது, வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லலாம்.

## "காலைல கட்டில்ல இருந்து இறங்கினா குதிகால் குத்துது"

முதல் பத்து அடி ஊசி குத்துகிற மாதிரி, அப்புறம் சரியாகி, உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் நாரில்தான் பிரச்சினை. ஓட்டத்தின் மேல் பழி போடுவதற்கு முன் மீதி 23 மணி நேரத்தைப் பாருங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையல், தேய்ந்து தகடான ரப்பர் செருப்பு, கடையில் நின்றுகொண்டே வேலை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்பவருக்கு 34 நிமிட ஓட்டம் கடைசிச் செங்கல்தான்.

வீட்டுக்குள்ளும் தடித்த, மெத்தென்ற செருப்பு போடுங்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், துண்டை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி, 3 தரம். இதற்கு மிஞ்சின வைத்தியம் படியில் இருக்கிறது: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டின துண்டு வைத்து, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 12 தரம், 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு காலில் ஆரம்பித்து ஒற்றைக்காலுக்கு வாருங்கள். வலி விட மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்று ஊசி போட்டுக்கொள்ள ஓடாதீர்கள், ஊசி கடைசியில் வர வேண்டியது.

வலி வேறு மாதிரி இருந்தால்:

குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் உயிர் போகிறது என்றால் அது எலும்புக் கீறல் சந்தேகம், ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எரிச்சல், மரத்துப்போதல் என்றால் நரம்பு, சுகர் பார்க்க வேண்டும். குதிகாலின் பின்பக்கம் ஷூ உரசும் இடத்தில் வலி என்றால் படியில் குதிகாலைத் தொங்கவிடும் பயிற்சி கூடாது, மட்டத் தரையில் மட்டும். யூரிக் ஆசிட்தான் காரணம் என்று ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் பெருவிரல் மூட்டைச் சிவக்க வீங்கவைக்கும், குதிகாலை அல்ல. இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் மூட்டுவாத டாக்டர்.

## "முட்டி வலிக்குது"

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். அளவோடு ஓடுவது நல்ல முட்டியைத் தேய்ப்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்த முட்டி என்றால் கதை வேறு, அவர்களுக்கு நடையும் சைக்கிளும்.

முன்பக்கம், சில்லைச் சுற்றி. ஹவுசிங் போர்டு மாடியில் இறங்கும்போதும், இந்தியன் டாய்லெட்டில் உட்காரும்போதும் வலிக்கும். காலை எட்டிப் போடுவதுதான் முதல் காரணம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுங்கள். 150 என்றால் அதே வேகத்தில் 160 ஆகும்படி அடியைச் சின்னதாக்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தரம், 3 சுற்று. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது 12 தரம், 3 சுற்று. முட்டிக்கு மாட்டும் உறை தற்காலிகத் தெம்புதான்.

வெளிப்பக்கம். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் தொடங்கி, மேம்பாலம் இறங்கும்போது கூடும். தூரத்தைக் குறையுங்கள், இறக்கத்தையும் சரிந்த ரோட்டு ஓரத்தையும் விடுங்கள்.

வீக்கம், பூட்டிக்கொள்ளுதல், திடீரென மடங்குதல். எலும்பு டாக்டர்.

எந்த வலிக்கும் ஒரு அளவுகோல்: பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் ஓடலாம். நாலுக்கு மேல் போனாலோ, ஓட்டத்தின் நடையையே மாற்றினாலோ அன்றைக்கு நடந்தே வீடு திரும்புங்கள்.

## "தொடை இடுக்குல எரியுது, அரிக்குது"

வெட்கப்பட்டு யாரும் கேட்காத, ஆனால் நிறையப் பேர் ஓட்டத்தை விடுவதற்குக் காரணமான தொந்தரவு.

### எரிச்சல், தோல் சிவந்து வழண்டது

உரசல். காட்டன் பெர்முடா வேர்வையில் நனைந்து உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கிறது. முட்டிக்குச் சற்று மேல் வரை பிடித்த மாதிரி இருக்கும் சைக்கிளிங் ஷார்ட்ஸை உள்ளே போட்டு, மேலே வழக்கமான டிராக். புடவை, சுடிதாரோடு நடக்கும் பெண்களுக்கும் இதே தீர்வுதான். கிளம்புமுன் தொடை உள்பக்கம் வாசலின் தடவுங்கள். ஆண்களுக்கு மார்புக் காம்பும், பெண்களுக்கு பிராவின் அடிப்பட்டையும் இதேபோல் உரசும், அங்கும் தடவலாம். வழண்ட இடத்தில் இரண்டு நாள் ஓட்டம் வேண்டாம், பவுடர் கொட்டாதீர்கள்.

### அரிப்பு, வட்டமாகப் படர்கிறது, ஓரம் மட்டும் தடித்துச் சிவப்பு

படர்தாமரை. இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டால், பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த கிரீம் கைக்கு வரும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். நிறுத்தினதும் இரண்டு மடங்காகப் படரும், தோல் மெலிந்து வரி விழும், பிறகு வரும் சரியான மருந்துக்கும் லேசில் அடங்காது. டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் வாங்காதீர்கள். தோல் டாக்டரிடம் போய், சொன்ன வாரங்கள் முழுக்கத் தடவுங்கள். ஓடி வந்ததும் ஈர உடையோடு டீ குடிக்க உட்காராமல் குளித்து, இடுக்கை நன்றாகத் துடைத்துவிடுங்கள். உள்ளாடையை வெயிலில் காயப் போடுங்கள், துண்டைப் பகிராதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே வைத்தியம். அடிக்கடி வருகிறது என்றால் சுகர் பாருங்கள்.

## நகம் கறுக்கிறது, கொப்புளம்

ஷூ முனையில் இடமில்லை, அல்லது கால் உள்ளே முன்னால் சறுக்குகிறது. மேல் ஓட்டை வரைக்கும் கயிறு கோத்து இறுக்குங்கள், நகத்தை நேராக வெட்டுங்கள், காட்டன் சாக்ஸை மாற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் பிளாஸ்திரி. சுகர் உள்ளவர்களுக்கு மட்டும் இது சின்ன விஷயமில்லை: தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், மணலிலும் வெறுங்காலோடு ஓடக் கூடாது, புண் வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

## "தலை சுத்துது, கண்ணைக் கட்டுது"

நிறுத்தின உடனே சுற்றினால்: சட்டென்று நின்றதுதான் காரணம். கடைசி 5 நிமிட நடையை விட்டுவிட்டீர்கள்.

சுகர் மருந்து எடுப்பவர்கள்: இன்சுலின், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு இருந்தால் சர்க்கரை தாழ்வதுதான் முதல் சந்தேகம். நடுக்கம், குளிர்ந்த வேர்வை, அகோரப் பசி. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதனை. 70-க்குக் கீழ் என்றால் இன்னொரு முறை. பையில் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் இவர்கள் கிளம்பவே கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள்: நாலைந்து கிலோ குறைந்ததும் பழைய அளவு மாத்திரை அதிகமாகிப் போகலாம். எழுந்து நின்றாலே சுற்றினால் பிரஷரைக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரைக்கும் இதேதான்.

மருந்து எதுவும் இல்லை: ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஓடுகிறீர்களா? அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். தண்ணீர் போதுமா என்று தெரிய, ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள், அரை கிலோ குறைந்தால் அரை லிட்டர் வேர்வையாகப் போயிருக்கிறது. 34 நிமிடத்துக்கு வெறும் தண்ணீர் போதும், கலர் பானமெல்லாம் ஓடினதைத் திரும்ப ஏற்றிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேர்த்துக் கொட்டினால் ஓஆர்எஸ். வீட்டில் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

## விலாவில் பிடிப்பு, வயிற்றைக் கலக்குதல்

சாப்பிட்டு 2 மணி நேரம் ஆகவில்லை, அல்லது கிளம்புமுன் பால் டீ குடித்தீர்கள். பிடித்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு, குனிந்து நடந்து, மூச்சை நீளமாக விடுங்கள். கலக்குகிறவர்கள் அரை மணி முன்னால் எழுந்து வெந்நீர் குடித்துப் போய்விட்டுக் கிளம்பினால் போதும். மலத்தில் ரத்தம் வந்தால் டாக்டர்.

## இருமினால், குதித்தால், ஓடினால் சிறுநீர் கசிகிறது

பிரசவம் ஆன பெண்களுக்குச் சகஜம், ஆனால் பொறுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. சிறுநீரை அடக்குகிற மாதிரி அடித்தளச் சதையை 5 விநாடி இறுக்கி, 5 விநாடி விடுங்கள். 10 தரம், நாளுக்கு 3 வேளை, மூன்று மாதம். அதுவரை ஓட்டத்துக்குப் பதில் வேக நடை. அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி கனமாக இருந்தால் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள்.

## "எடை இறங்கவே இல்ல"

### முதல் மூன்று வாரம்

ஏறக்கூடச் செய்யும். புதிதாக வேலை செய்யும் சதை தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மாதவிலக்குக்கு முன் பெண்களுக்கு 1, 2 கிலோ கூடிக் குறையும். அதனால் காலையில் கழிவறை போய்வந்து, ஒரே மெஷினில் தினமும் பார்த்து, 7 நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பை டேப்பால் அளந்து மாதம் ஒரு தரம் எழுதி வையுங்கள். எடை நகராமல் இடுப்பு 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் சரியாகத்தான் போகிறது.

### ஆறு வாரம் தாண்டியும் சராசரி நகரவில்லை

ஓட்டத்துக்குத் தோராயக் கணக்கு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, 1 கலோரி. 85 கிலோக்காரர் அடிப்படை அளவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவார், சுமார் 250 கலோரி. இரண்டு மெதுவடை, கெட்டிச் சட்னியோடு, அதைத் தின்றுவிடும். சால்னாவில் ஊறின ஒரு பரோட்டா அதற்கும் மேல். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நாளுக்கு நாலு என்றால் 300-ஐத் தாண்டும். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு பிளேட் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), கூடவே முட்டை, அன்றைய ஓட்டம் காலி. ஓட்டம் எடையைக் குறைக்க உதவும், ஆனால் குறைப்பது தட்டு. கசப்பாக இருந்தாலும் இதுதான் கணக்கு.

எதை முதலில் மாற்றுவது என்றால் டீயில் சர்க்கரை. அடுத்தது ஓடி வந்ததும் கைக்கு வரும் வடை. மூன்றாவது சோறு, ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் மீனோ முட்டையோ சுண்டலோ. காசிமேடு பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மலிவான புரதம் வேறு இல்லை, வறுக்காமல் குழம்பாக வையுங்கள். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம். வாரம் அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம். துறைமுகம், கன்டெய்னர் யார்டு நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் ஓடுபவர்களுக்கு நாள் முழுக்கப் பசி துரத்தும். தூங்கி எழுந்து சாயங்காலம் ஓடுங்கள்.

சாப்பாட்டை இரண்டு வாரம் ஒன்றுவிடாமல் எழுதிப் பார்த்தும் கணக்கு இடிக்கிறது என்றால் தைராய்டு, பெண்களுக்கு நீர்க்கட்டி, எடை ஏற்றும் மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

### வேகமாகக் குறைகிறது

முதல் இரண்டு வாரம் போக, வாரம் 1 கிலோவுக்கு மேல் போனால் சாப்பாடு போதவில்லை. முடி கொட்டும், மாதவிலக்கு தள்ளிப்போகும், முன்னெலும்பு வலி திரும்ப வரும். அளவைக் கூட்டிச் சாப்பிடுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இறங்கி, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சுகர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. அரசு மையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஓட்டம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

## நாய் துரத்துகிறது

ஓடினால் துரத்தும். நின்று, கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி மெதுவாக நடங்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தடுப்பூசி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் சீட்டில் எழுதின தேதிகள் முழுக்கப் போக வேண்டும்.

## மழையில் விட்டுப்போச்சு, திரும்ப எங்கிருந்து?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பட்டாளம் பக்கம் தேங்கின தண்ணீரில் இறங்கி ஓடாதீர்கள். திறந்த மேன்ஹோல் தெரியாது, காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரும். நனைந்த ஷூவை வெயிலில் வாட்டாமல், உள்ளே பேப்பர் திணித்து ஃபேனடியில் வையுங்கள்.

ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் என்றால் ஓடும் நிமிடத்தைப் பாதியாக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அடிப்படை அளவிலிருந்து மறுபடியும். காய்ச்சலோடு ஓடக் கூடாது. டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் என்றால் டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு வாரம் நடை மட்டும். அந்த நடையில் மாடி ஏறும்போது பழையபடி மூச்சு வாங்கினால் இன்னொரு வாரம் நடை.